இரண்டாவது பெட்டித் தோட்டாக்கள்

விக்னராஜாவுக்குத் துவக்குப் பைத்தியம் பிடித்தது 1976 ஆம் ஆண்டு பெப்ரவரியில். அதற்கு முன் தோட்டப் பைத்தியம், அதற்கும் முன் பழைய கார்களைக் கழற்றிப் பூட்டும் பைத்தியம். எதுவும் ஆறு மாதத்தைத் தாண்டியதில்லை. மெல்போர்னின் மேற்கே, சன்ஷைனில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் பாதி கழற்றிய ஹோல்டன் கார் ஒன்று செங்கல் மேல் நின்றது. அவன் மனைவி செல்வராணி அதன் கூரையில் மிளகாய் காயப்போடப் பழகிவிட்டாள்.

துவக்கு பழைய இராணுவத் துவக்கு. யாரோ அதன் மரத்தை வெட்டிக் குறுக்கி, மெருகு பூசி, வேட்டைத் துவக்கு என்று விற்றிருந்தார்கள். அதன் மேல் பூட்டுவதற்கு மலிவுக் கடையொன்றில் ஸ்கோப் ஒன்றும் வாங்கி வந்தான். கண்ணாடிக்குள் பார்த்தால் ஒரு சிலுவைக் கோடு தெரியும், சிலுவையை எதன் மேல் வைக்கிறோமோ அதில் சன்னம் போய் விழ வேண்டும். நூறு யார் தூரத்தில் இலையான் இருந்தாலும் இதில் தெரியும் என்று வேலை செய்கிற கந்தோரில் எல்லாரிடமும் அளந்துகொண்டு திரிந்தான். செல்வராணி ஒருநாள் அதற்குள் பார்த்தாள். பக்கத்து வீட்டு வேலி தெரிந்தது, அதுவும் கலங்கலாகத்தான்.

கடைத் தோட்டா அவனுக்குப் போதவில்லை. உண்மையான வேட்டைக்காரன் தன் தோட்டாவைத் தானே செய்வான் என்று எங்கோ படித்துவிட்டான். சுட்டு முடிந்த தோட்டாவின் வெறுங்கோதை எடுத்துத் துடைத்து, பின்பக்கத்தில் தீப்பொறி தரும் ‘கேப்’ என்ற சின்ன மூடி புதிதாக ஒன்றை இறுக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை வைத்து அழுத்த வேண்டும். இதில் நிறுக்கிற வேலைக்குப் பொறுமை வேண்டும். விக்னராஜாவிடம் இல்லாத சாமான் அது.

"இஞ்சேரும், நீர்தானே மருந்துக்கடைக்காரி. இதைக் கொஞ்சம் நிறுத்துத் தாருமன்" என்றான்.

மருந்துக்கடைக்காரி! கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் மருந்தாளராக இருந்தவள் செல்வராணி. இங்கே வந்த இரண்டு வருடமாக மிஸ்டர் பிரிக்ஸ் என்பவருடைய மருந்துக்கடையில் தட்டுகளைத் துடைத்து, இருமல் மிட்டாயும் சீப்பும் விற்றுக்கொண்டிருந்தாள். உள்ளே மருந்து கலக்கும் மேசைக்குப் போக அவளுக்கு அனுமதி இல்லை. அனுமதி வேண்டுமென்றால், உள்ளூர் மருந்தாளர் ஒருவர் இவளைத் தன் மேற்பார்வையில் பழக்க ஒப்புக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிரிக்ஸ் ஒரு மருந்துச் சீட்டை மூன்று தரம் வாசிக்கிற மனிதர். "பார்க்கிறேன்" என்று சொல்லி எட்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். படிவம் கொடுக்கக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அது தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் அவளுக்கு முப்பத்தெட்டு வயது ஆகிவிடும்.

ஆனாலும் வெடிமருந்தை நிறுக்கச் சம்மதித்தாள். தராசைக் கண்டதும் கை தானாக நீண்டது என்பதுதான் உண்மை. இரண்டு வருடமாக ஒரு முள் நடுவில் வந்து நிற்பதை அவள் பார்க்கவில்லை. புத்தகத்தில் எழுதியிருந்த அளவை ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்து, குசினி மேசையில் யன்னலைச் சாத்திவிட்டு, மூச்சுக் காற்றுப் படாமல் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு, நாற்பது கோதுகளுக்கும் நிறுத்துப் போட்டாள். ஒவ்வொன்றாக மரக்கட்டையின் துளைகளில் நிமிர்த்தி வைத்தாள். வெள்ளி பின்னேரம் அது முடிந்தது. சனி காலை அவள் கடைக்குப் போன பிறகு விக்னராஜா சன்னங்களை வைத்து அழுத்தி, இருபது இருபதாக இரண்டு பெட்டியில் அடுக்கிவிட்டான். அந்த நாற்பதிலும் அவன் செய்த வேலை அவ்வளவுதான் என்று செல்வராணி நினைத்திருந்தாள்.

பிரிக்ஸுக்கும் துவக்கு உண்டு என்பதைக் கடைவாசலில் கதைகொடுத்து மோப்பம் பிடித்தவன் விக்னராஜா. அதே இனத் துவக்கு, ஆனால் ஸ்கோப் கிடையாது, இரும்புக் குறிதான். அவருடைய தம்பிக்கு ட்ருகனினாவில் ஆட்டுப் பட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த் தோட்டாவையும் ஸ்கோப்பையும் சோதித்துப் பார்ப்பதென்று விக்னராஜாவே முடிவு செய்து, தானே தன்னை அழைத்துக்கொண்டான். செல்வராணியும் வர வேண்டும் என்று பிடிவாதம். "அந்தாள் உம்மட வேலையைப் பாக்கட்டும். கையெழுத்துத் தானா வரும்" என்றான். அதில் ஒரு நியாயம் இருந்தபடியால் அவளும் போனாள்.

ட்ருகனினா என்பது அப்போது காற்றும் முட்செடியும் ஆட்டுப் புழுக்கையும்தான். கல் அடுக்கிய வேலிகள், கண்ணுக்கு எட்டியவரை காய்ந்த புல், மூக்குக்குள் புகுந்துவிடும் இலையான்கள். செல்வராணி சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். பழைய கல்லுடைத்த பள்ளத்தின் மண்சுவருக்கு முன்னால் பிரிக்ஸ் கடதாசிக் குறியை ஊன்றினார். நூறு யாரை அவரே அடி வைத்து அளந்தார். மணல் மூட்டை போட்ட மேசையில் முதலில் விக்னராஜா குந்தினான்.

குந்தியவன் உடனே சுடவில்லை. செல்வராணி விடியப்புறம் எழும்பிப் பொரித்த ஆட்டிறைச்சி ரோலில் இரண்டைத் தின்றான். எண்ணெய்க் கையைத் துவக்குத் துடைக்கிற துணியில் துடைத்தான், அந்தத் துணியால் ஸ்கோப் கண்ணாடியைத் துடைத்தான். பிரிக்ஸ் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வராணிக்குக் கன்னம் சுட்டது.

"ஐந்து தோட்டா சுடுங்கள். இடையில் ஸ்கோப்பில் எதையும் திருக வேண்டாம். ஐந்தும் எங்கே விழுகிறது என்று முதலில் பார்ப்போம்" என்று பிரிக்ஸ் ஆங்கிலத்தில் சொன்னார்.

விக்னராஜா தலையாட்டினான். முதல் வெடி வலது மேல் மூலையில் போனது. உடனே ஸ்கோப்பின் குமிழைத் திருகினான். இரண்டாவது இடது கீழே. மறுபடி திருகினான். மூன்றாவது கடதாசியிலேயே இல்லை. "அது என் பிழை, கண் சிமிட்டிவிட்டேன், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்றான். நான்காவதையும் கணக்கில் எடுக்க வேண்டாம், இலையான் மூக்கில் இருந்ததாம். ஐந்தாவது தற்செயலாக நடுவட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. துள்ளி எழும்பினான்.

"பார்த்தீர்களா! என் கையால் செய்த தோட்டா!"

பிரிக்ஸ் புதுக் கடதாசி ஒட்டினார். இந்தத் தரம் தானே பக்கத்தில் நின்று, குமிழைத் தொடவிடாமல் ஐந்தைச் சுடவைத்தார். ஐந்தும் ஐந்து திசையில். கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் விரித்தபோது, நாய் கடித்த பழந்துணி போலக் கிடந்தது.

"உண்மையைச் சொன்னால், வெடிமருந்து நிறுத்தது நான் இல்லை" என்றான் விக்னராஜா, குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப ரகசியத்தைச் சொல்கிறவன் போல. "என் மனைவி. பெண்கள் கை, தெரியும்தானே. அன்றைக்குக் கொஞ்சம் களைத்துப் போயிருந்தாள்."

பத்து நிமிடத்துக்கு முன் என் கை, இப்போது மனைவி கை.  செல்வராணிக்கு இது புதிதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கறியைப் புகழ்ந்தால் தான் சொல்லிக்கொடுத்த கறி, உப்புக் கூடினால் அவள் போட்ட உப்பு. அதை அவள் பன்னிரண்டு வருடம் விழுங்கியிருக்கிறாள். ஆனால் இங்கே, இந்த மனிதருக்கு முன்னால், கை நடுங்குகிறவள் என்று சொல்வதும் உன் வேலைக்கு நீ லாயக்கில்லை என்று சொல்வதும் ஒன்று. அது இந்தச் சனியனுக்கு விளங்காதா? விளங்கும். விளங்கியும் சொன்னான் என்பதுதான் அருவருப்பு.

"மிஸ்டர் பிரிக்ஸ்," என்றாள் அவளும் ஆங்கிலத்தில், "அதே பெட்டியில் மிச்சம் இருப்பதை உங்கள் துவக்கில் சுட்டுப் பாருங்கள்."

பிரிக்ஸ் அவளைப் பார்த்தார். பிறகு தன் துவக்கை எடுத்து, சப்பாத்தை மண்ணில் ஊன்றி, நிதானமாக ஐந்து சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் குழாய் ஆற விட்டார். கடதாசியைக் கொண்டுவந்தபோது ஐந்து துளைகளும் ஒரு தேநீர்ச் சாசருக்குள் அடங்கியிருந்தன, அதிலும் மூன்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

அவர் விக்னராஜாவின் துவக்கை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, ஸ்கோப்புக்குள் பார்த்தபடி, பென்சிலால் குழாயை மெல்லத் தட்டினார். செல்வராணியையும் பார்க்கச் சொன்னார். துவக்கு அசையவில்லை. தட்டத் தட்ட உள்ளே இருந்த சிலுவை மட்டும் கடதாசியின் நடுவை விட்டு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. இன்னொரு தட்டுக்கு வேறெங்கோ போனது.

"தோட்டாவில் குறையில்லை. ஸ்கோப்புத்தான் குப்பை" என்றார் பிரிக்ஸ். பிறகு தன் கடதாசியில் அந்த மூன்று துளைகளின் மேல் விரலை வைத்து, "நல்ல கை. நாளைக் காலை அந்தப் படிவத்தைக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

எட்டு மாதமாகக் காத்திருந்த சொல். செல்வராணிக்குக் கண் கலங்கியது. காற்றுக்கு என்று நினைக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கேயே எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் விக்னராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காருக்கு ஓடிப்போய் இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஏந்தி, கோயில் தட்டம் கொடுப்பதுபோல் பிரிக்ஸிடம் நீட்டினான். "இது உங்களுக்கென்றே செய்தது. எங்கள் அன்பளிப்பு. இப்போதே ஒன்று சுட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்."

என்ன வித்தியாசம் என்று செல்வராணி யோசிப்பதற்குள் பிரிக்ஸ் மரியாதைக்காக ஒன்றை எடுத்துப் போட்டுச் சுட்டுவிட்டார்.

அது வேறு சத்தம். வெடி என்பதைவிட ஓங்கி விட்ட அறை என்று சொல்லலாம். துவக்கின் பின்பக்கத்தால் புகை சீறிக்கொண்டு வந்து பிரிக்ஸின் முகத்தில் அடித்தது. அவர் துவக்கை மேசையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தார். செல்வராணி ஓடிப்போய்க் கையை விலக்கிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியின் வலது வில்லை கருகி வெடித்திருந்தது. கன்னத்தில் சின்னச் சின்னதாகக் கரும்புள்ளிகள், ஒன்றிரண்டில் இரத்தம். கண் தப்பிவிட்டது. கண்ணாடி போடாத மனிதராக இருந்தால் அந்தக் கண் போயிருக்கும்.

பிளாஸ்க்கில் இருந்த தண்ணீரால் அவள் கழுவித் துடைத்தாள். அவர் துவக்கைத் திறக்கிற போல்ட்டை இழுத்தார், அது அசையவில்லை. மரக்கட்டையால் தட்டித்தான் திறக்க முடிந்தது. வெளியே வந்த கோதின் கேப்புத் துளைபட்டுத் தட்டையாகிக் கிடந்தது. இது வெடிமருந்து மிதமிஞ்சிப் போனதற்கு அடையாளம் என்று அவருக்கும் தெரியும், புத்தகத்தை வாசித்திருந்த அவளுக்கும் தெரியும்.

"இதை நிறுத்தது யார்?" என்று பிரிக்ஸ் கேட்டார்.

செல்வராணி புருஷனைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "இதுக்குள்ள என்ன செய்தனீங்கள்?"

விக்னராஜாவின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் தமிழ் என்றதும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது, அந்த இடத்தில் அது பூட்டிய அறை மாதிரித்தானே. "கொஞ்சம் கூடப் போட்டனான். கரண்டியால ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"பெரிய மனுசனுக்குக் குடுக்கிறது. அளந்த அளவிலயே குடுக்கிறது? ஒரு கை கூட வைச்சுக் குடுக்கிறதுதானே முறை. பிச்சைக்காரத்தனமா நினைக்க மாட்டாரே?"

அவளுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விருந்தாளிக்குத் தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போடுகிற மாதிரி, சோற்றைத் தட்டு வழியப் போடுகிற மாதிரி, இந்த மனிதன் வெடிமருந்தை அள்ளிப் போட்டிருக்கிறான். அவள் மூச்சை அடக்கி நிறுத்து வைத்ததன் மேல், குசினிக் கரண்டியால்.

"சொல்லுங்கோ அவருக்கு. இப்பவே சொல்லுங்கோ" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது.

"என்ன சொல்கிறார்?" என்று பிரிக்ஸ் ஈரத்துணியைக் கன்னத்தில் பிடித்தபடி கேட்டார்.

விக்னராஜா நாக்கூசாமல் ஆங்கிலத்துக்கு மாறினான். "மிகவும் வருந்துகிறாள். தன்னால் வந்தது என்று அழுகிறாள். எல்லாவற்றையும் அவள்தான் நிறுத்தாள். இரண்டாவது பெட்டிக்கு வரும்போது களைத்திருப்பாள், பாவம்."

செல்வராணிக்கு ஆங்கிலம் தெரியாதா? எட்டு வருடம் ஆங்கிலத்தில் சீட்டு வாசித்தவள். இல்லை, பொய், இந்த மனிதன் செய்தது என்று ஒரே ஒரு வசனம் போதும். வாய் திறந்ததுதான், சொல் வரவில்லை. அன்னிய மனிதருக்கு முன்னால் புருஷனைப் பொய்யன் என்று சொல்வதா என்று உள்ளே ஏதோ ஒன்று அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அந்த ஏதோ ஒன்றின் மேல் அவளுக்கு வந்த வெறுப்பு, புருஷன் மேல் வந்த வெறுப்பைவிடக் குறைந்ததில்லை.

பிரிக்ஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் மறுத்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. பிறகு அன்பாகவே சொன்னார். "யாருக்கும் தவறு வரும். ஆனால் மருந்து மேசையில் இரண்டாவது பெட்டிக்குக் களைப்பது என்றால்... படிவத்தைப் பற்றி நாம் இப்போது பேச வேண்டாம்." அந்த அன்பு அவளை அறைந்தது. திட்டியிருந்தால் ஒருவேளை வாய் திறந்திருப்பாள்.

வீடு வரும்வரை விக்னராஜா வாய் மூடவில்லை. "நல்ல மனுசன். வேற ஆளெண்டால் பொலிசுக்குப் போயிருப்பான். ஒரு சத்தம்கூடப் போடேல்ல, பாத்தீரே?" சிவப்பு விளக்கில் நின்றபோது மிச்ச ரோல் ஒன்றைத் தின்றான். "உமக்கென்ன, அடுத்த வருசம் கையெழுத்து வாங்கலாம். நான் ஆம்பிளை. நான் செய்தனான் எண்டு அந்தாளுக்கு முன்னால நிண்டு சொல்லேலுமே?" உதட்டோரத்தில் எண்ணெய் மினுங்கியது. அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

வீட்டுக்கு வந்து கை கால் கழுவாமல் அவள் நேரே தொலைபேசிக்குப் போனாள். பிரிக்ஸின் வீட்டு இலக்கத்தைச் சுழற்றினாள். அவருடைய குரல் கேட்டதும் ரிசீவரைப் புருஷனின் கையில் திணித்தாள்.

"சொல்லுங்கோ."

விக்னராஜா ரிசீவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. "ஹலோ மிஸ்டர் பிரிக்ஸ்! விக்னராஜாதான். கண் எப்படி இருக்கிறது? இன்றைக்கு எங்களை அழைத்ததற்கு மிகவும் நன்றி. என் மனைவி இன்னும் கவலையாகத்தான் இருக்கிறாள், நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்." சிரித்தான். வைத்துவிட்டான்.

"கதைச்சாச்சு. இப்ப சந்தோசமே?" என்று கேட்டுக்கொண்டு போய்க் கதிரையில் சாய்ந்தான்.

சந்தோசமே என்று கேட்டான். கேலியாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, உண்மையாகவே கேட்டான். அவளுக்காக ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு. பன்னிரண்டு வருடம் இந்த மனிதனோடு ஒரே வீட்டில் இருந்தேனா என்று செல்வராணிக்கு உடம்பு கூசியது. ரிசீவரை மறுபடி எடுத்து இலக்கத்தைச் சுழற்றினாள்.

"என்ன செய்யிறீர்? வையும் அதை! மானம் போகப்போகுது!"

அவன் எழும்பி வருவதற்குள் அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். "மிஸ்டர் பிரிக்ஸ், செல்வராணி பேசுகிறேன். நாற்பதையும் நான் ஒரே அளவாகத்தான் நிறுத்தேன். இரண்டாவது பெட்டிக்கு என் கணவர் எனக்குத் தெரியாமல் கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கிறார். நான் தமிழில் கேட்டபோது ஒப்புக்கொண்டார். உங்களிடம் பொய் சொன்னார். மிச்சம் பத்தொன்பதும் உங்களிடம்தான் இருக்கின்றன, தயவுசெய்து தொடாதீர்கள். முதல் பெட்டியில் ஐந்து என்னிடம் இருக்கிறது. இரண்டையும் உடைத்து நிறுத்துப் பாருங்கள். இரண்டாவது பெட்டியில் ஒன்றின் அளவுக்கு மற்றது சரிவராது. நான் நிறுத்தால் அப்படி வராது."



"நான் கேட்டபோது நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள்" என்றார் பிரிக்ஸ். "ஏன் சொல்லவில்லை?"

"அவர் என் கணவர்."

"நாளைக்கு ஒரு டாக்டர் பிழையான அளவை எழுதி அனுப்புவார். அவர் பெரிய டாக்டராக இருப்பார். அவரை நோகடிக்கக் கூடாதென்று நோயாளி வீட்டுக்குப் போகும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பீர்களா?"

"இல்லை" என்றாள். சொல்லிவிட்டு, அது போதாதென்று பட்டு, "இன்றைக்கு நின்றேன். இனி நிற்க மாட்டேன்" என்றாள்.

"காலையில் அந்த ஐந்தையும் கொண்டு வாருங்கள். நிறுத்துப் பார்ப்போம். படிவத்தையும் கொண்டு வாருங்கள். போடுவேன் என்று இப்போது சொல்ல மாட்டேன்." அவர் வைத்துவிட்டார்.

விக்னராஜா அறையின் நடுவில் நின்றான். "என்னவாம்? கோவமோ?"

"ஓம். என்னில."

"பாத்தீரே! நான் சொன்னனான்தானே!" என்றான் அவன். உடனே மூச்சு வந்துவிட்டது அவனுக்கு. கதிரையை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தினான். "சரி, விடும். பசிக்குது, சாப்பாட்டைப் போடும்."

செல்வராணி குசினிக்குப் போனாள். ஒரேயொரு தட்டில் சோறும் பருப்பும் போட்டு எடுத்துவந்து, அவனுக்கு எதிரே உட்கார்ந்து, சாப்பிடத் தொடங்கினாள்.